குழந்தையின் போன் ஸ்கேனில் (எலும்பு ஸ்கேன்) முழங்கால் ஏன் கறுப்பாகத் தெரிகிறது?

பத்து வயதுக் குழந்தையின் போன் ஸ்கேனை முதன்முறை பார்ப்பவர்கள், முழங்காலுக்கு மேலும் கீழும் தெரியும் கறுப்புப் பட்டைகளைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். நோய் என்றே முடிவுகட்டிவிடாதீர்கள். குழந்தை உயரமாவது அங்கேதான். போன் ஸ்கேன் என்பது கதிர்வீசும் மருந்தை ஊசியில் செலுத்தி எலும்பைப் படமெடுப்பது; மருந்து அதிகம் சேர்ந்த இடம் கறுப்பாகத் தெரியும். அந்த மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்ப்போம்.

படி 1: குப்பி

ஜெனரேட்டரிலிருந்து (டெக்னீசியத்தைத் தரும் கருவி) எடுத்த டெக்னீசியம்-99எம் என்ற கதிர்வீசும் தனிமத்தின் கரைசலை, எம்.டி.பி. என்ற வேதிப்பொருளின் தூள் உள்ள குப்பிக்குள் செலுத்துவார்கள். எம்.டி.பி. பாஸ்பேட்டுக்கு நெருங்கிய உறவு. எலும்பில் ஒட்டுவது அதுதான். டெக்னீசியம் காமா கதிரை வீசி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். டெக்னீசியத்தைப் பாஸ்பேட்டோடு பிணைத்து எலும்பைப் படமெடுக்கும் வழியை 1971-ல் சுப்பிரமணியன், மெக்காஃபி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

பிணைப்புக்கு உதவுவது குப்பியிலுள்ள துளி வெள்ளீய உப்பு. காற்று புகுந்தால் அது வீணாகிவிடும். பிணையாத டெக்னீசியம் தைராய்டுக்கும் இரைப்பைக்கும் போகும். படத்தில் அவை கறுப்பாகத் தெரிந்தால், முதலில் குப்பியைச் சந்தேகியுங்கள்.

படி 2: ஊசி

ரத்தக்குழாயில் ஊசி போட்டதும் மருந்து ரத்தத்தோடு ஓடும். ரத்த ஓட்டம் மிகுந்த எலும்புக்கு அதிகம் போகும்.

படி 3: ஒட்டுதல்

இதுதான் முக்கியம். எலும்பின் கனிமம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்படிகம். பழைய எலும்பில் படிகங்கள் இறுகிக் கிடக்கும். ரத்தத்துக்கு எட்டும் பரப்பு குறைவு. புதிதாக உருவாகும் படிகங்களோ பொடிப்பொடியானவை. கல் உப்பையும் தூள் உப்பையும் நினைத்துப் பாருங்கள்: ஒரே எடைதான், ஆனால் தூளுக்கு மேற்பரப்பு பல மடங்கு. அந்தப் பரப்பில்தான் எம்.டி.பி. ஒட்டுகிறது.

எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்தகடு குருத்தெலும்பு; அதில் மருந்து அவ்வளவாக ஒட்டாது. அதை அடுத்து, எலும்புத் தண்டின் பக்கம், குருத்தெலும்பில் சுண்ணம் ஏறி எலும்பாக மாறும் விளிம்பில்தான் குவிகிறது. பட்டை மெல்லிசாக இருப்பது அதனால்தான்.

படி 4: காத்திருப்பு

2 முதல் 4 மணி நேரம். குழந்தைக்கு நிறையத் தண்ணீர் கொடுங்கள்; ஒட்டாத மருந்து சிறுநீரில் வெளியேறும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் (கதிர்வீச்சு பாதியாகக் குறையும் காலம்) 6 மணி நேரம் என்பதால் அவசரமில்லை.

படி 5: படம்

இரண்டு கால்களையும் நேராக, ஒரே மாதிரி வையுங்கள். ஒரு கால் திரும்பியிருந்தாலும் பட்டை அகன்று மங்கிவிடும். இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், குழந்தைகளுக்கு வரும் எலும்புத் தொற்று பெரும்பாலும் வளர்தகட்டை ஒட்டியே தொடங்குகிறது. அதன் கருமை பட்டையின் கருமைக்குள் ஒளிந்துகொள்ளும். அப்புறம், இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பட்டையின் ஓரம் எங்காவது கலங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.