குடக்காரர் இழுக்கவில்லை, டிரைவர்தான் இழுக்கிறது

வில்லுப்பாட்டைக் கம்ப்யூட்டரில் டிராக் டிராக்காகப் பதிந்தால் ஒரு புகார் தவறாமல் வரும்: "குடம் கொஞ்சம் இழுக்குதே." அதாவது தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகிறதாம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வீட்டு அறையில் பதிவு செய்பவர்கள் பலரும் உடனே குடக்காரரைத்தான் பார்ப்பார்கள். ஹெட்போனில் உடுக்கையைக் கேட்டு அவர் சரியாகத்தான் தட்டியிருப்பார். டைம்லைனில் அதைத் தள்ளி வைப்பது பெரும்பாலும் ஆடியோ டிரைவர், அதாவது ஒலிக் கருவியையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் மென்பொருள்.

இதற்காகப் பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவை, குறைப்பது முதல் தவறு. ஒலியை நொடிக்கு 44,100 சாம்பிளாக (சிறு அளவீடுகளாக) பதியும்போது, 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.8 மில்லிசெகண்ட். அதைக் குறைத்தால் பாடுபவருக்குத் தன் குரல் சீக்கிரம் காதுக்கு வரும், அவ்வளவுதான். பதிந்தது எங்கே உட்காருகிறது என்பது வேறு கணக்கு. ஒலி வெளியே போய் உள்ளே வர இவ்வளவு நேரம் ஆகிறது என்று டிரைவர் சொல்லும். சாஃப்ட்வேர் அதை நம்பி டிராக்கை அந்த அளவு முன்னால் நகர்த்தும். ஒலியை எண்ணாக மாற்றும் கன்வெர்ட்டரும் யுஎஸ்பியும் எடுக்கும் நேரம் அந்தக் கணக்கில் சில சமயம் விட்டுப்போகும்.

விடுபட்டது 220 சாம்பிள், அதாவது 5 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். தனியாக அது காதுக்குத் தெரியாது. ஆனால் உடுக்கையைக் கேட்டுக் குடம், குடத்தைக் கேட்டுக் கட்டை, கட்டையைக் கேட்டு ஜால்ரா என்று போனால் ஜால்ரா 15 மில்லிசெகண்ட் பின்னால் நிற்கும். ஜால்ராவில் அது நன்றாகவே தெரியும்.

கண்ணால் பார்த்து ஒவ்வொரு டிராக்காக நகர்த்துவது அடுத்த தவறு. வாசிப்பின் இயல்பான ஏற்ற இறக்கமும் அதில் போய்விடும். அதற்குப் பதில், ஒரு கேபிளை இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியின்) அவுட்புட்டிலிருந்து லைன் இன்புட்டுக்குப் போடுங்கள். உள்ளே வரும் ஒலியை அப்படியே வெளியே விடும் மானிட்டரிங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஊளையிடும். ஒரு கிளிக்கை ஓடவிட்டு வேறு டிராக்கில் பதிந்து, பெரிதாக்கிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே எத்தனை சாம்பிள் என்று எண்ணுங்கள். ரீப்பர் என்ற பதிவு சாஃப்ட்வேரில், ரெக்கார்டிங் செட்டிங்கில் அதை ஆஃப்செட்டாக (நகர்த்த வேண்டிய அளவாக) கொடுக்கலாம். அப்புறம் திரும்பப் பதிந்தால் இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பஃபரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

இரண்டு யுஎஸ்பி மைக்கை ஏசியோ4ஆல் என்ற விண்டோஸ் டிரைவர் மூலம் சேர்த்துப் பதிவது இதைவிட மோசம். சாம்பிள் எடுக்கும் வேகத்தை முடிவுசெய்யும் கிளாக் ஒவ்வொன்றுக்கும் தனி. பத்து லட்சத்துக்கு 50 வித்தியாசம் இருந்தாலே ஐந்து நிமிடத்தில் 15 மில்லிசெகண்ட் விலகும். வளர்ந்துகொண்டே போவதால் எந்த ஆஃப்செட்டும் சரிசெய்யாது. இரண்டு இன்புட் உள்ள ஒரே இன்டர்ஃபேஸ் வாங்குங்கள்.

புளூடூத் ஹெட்போனைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதில் தாமதம் இன்னும் அதிகம்.

கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறும் நேரத்தையும் கவனியுங்கள். ப்ராசசர் வேகம் குறைந்து 'டிக்' என்று ஒரு வெட்டு விழலாம். சில சாம்பிள் காணாமல் போனால் அதற்குப் பிறகு பதிந்ததெல்லாம் முன்னால் ஏறிவிடும். அந்த டேக்கை ஒட்டிப் பார்க்காமல், மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.