பெற்றோருக்குத் தனிப் பகுதியோடு வீட்டு வரைபடம்: குளியலறைக் கதவிலிருந்து தொடங்குங்கள்

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, சக்கர நாற்காலி குளியலறை வாசலில் சிக்கிக்கொண்டது. நாற்காலியின் அகலம் 26 அங்குலம். கதவு நிலை இரண்டரை அடி, அதாவது 30 அங்குலம். தாராளமாகப் போகும் என்று நம்பித் தள்ளினேன். சக்கரத்தைப் பிடித்திருந்த அம்மாவின் விரல் முட்டி நிலையில் உரசித் தோல் வழன்றுவிட்டது.

பிறகு திருச்சியில் 30க்கு 50 அடி மனையில் புது வீடு கட்டினோம். கீழ்த்தளத்தில் அப்பா அம்மாவுக்குத் தனிப் பகுதி, மீதி இடமும் மாடியும் எங்களுக்கு. அந்த வரைபடத்தை நானே போட்டுப் பார்த்த முறை இது. இறுதி வரைபடத்தைப் பொறியாளர்தான் போட வேண்டும். ஆனால் என்ன வேண்டும் என்று அவரிடம் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: கிராஃப் தாள்

ஓர் அடிக்கு 5 மி.மீ. என்று வைத்தால் எங்கள் மனை 15க்கு 25 செ.மீ.யில் அடங்கிவிட்டது. ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச மென்பொருளிலும் வரைந்து பார்த்தேன். சோபாவும் திரைச்சீலையும் அழகாகத் தெரிய, கவனம் அளவை விட்டு அங்கே போய்விடுகிறது. தொடக்கத்துக்குப் பென்சில்தான் நல்லது. சுவரை மட்டும் ஒற்றைக் கோடாக இழுத்துவிடாதீர்கள். குறுக்கே நான்கு 9 அங்குலச் சுவர் வந்தாலே மூன்று அடி போய்விடும், பூச்சு வேறு.

படி 2: பெரியவர்கள் பகுதி முதலில்

கூடத்தையும் நம் அறைகளையும் வரைந்துவிட்டு மிஞ்சிய மூலையைப் பெற்றோருக்கு ஒதுக்கினால் அது மூலையாகத்தான் இருக்கும். நாங்கள் வைத்தது: 12க்கு 11 படுக்கையறை, 8க்கு 5½ குளியலறை, சமையல் மேடையோடு 10க்கு 10 முன்னறை. மேடை அவசியமா என்று முதலில் தயங்கினேன். அம்மா காலை நான்கரைக்கே எழுந்து டிகாக்‌ஷன் போடுகிறவர். ஒரு காபிக்காக நாங்கள் எழும்வரை அவரைக் காக்க வைப்பது நியாயமில்லை.

அவர்களுக்கு வெளியே தனி வாசல், உள்ளே எங்கள் கூடத்துக்கு ஒரு கதவு. அந்தக் கதவுக்கு இரு பக்கமும் தாழ்ப்பாள் வையுங்கள். சாத்திக்கொண்டு தனியாக இருக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. மாடிக் குளியலறை அவர்கள் கட்டிலுக்கு நேர் மேலே வராமலும் பாருங்கள். நடுராத்திரியில் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

படி 3: கதவு

நான் ஏமாந்த இடம் இதுதான். மேஸ்திரி சொல்லும் "இரண்டரை அடி" நிலையின் வெளி அளவு. இரு பக்கமும் மூன்று மூன்று அங்குல மரத்தைக் கழித்தால் 24 அங்குலம். திறந்து நிற்கும் கதவின் கனம் இன்னும் ஓர் அங்குலத்தைத் தின்றுவிடும். 26 அங்குல நாற்காலி 23 அங்குலத்தில் எப்படி நுழையும்?

ஆகவே மூன்றரை அடி நிலை கேளுங்கள். குளியலறைக்கு அவ்வளவு பெரிய கதவா என்று எங்கள் மேஸ்திரி இரண்டு முறை கேட்டார். நாற்காலியையே கொண்டுவந்து காட்டிய பிறகு மறுபேச்சில்லை. இப்போது 35 அங்குலம் கிடைக்கிறது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே யாராவது மயங்கி விழும்போது உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வாசலில் படி வேண்டாம், தண்ணீர் வெளியே வராமலிருக்க உள்பக்கத் தரைச் சரிவு போதும். நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். அதைத் தாளில் காம்பஸால் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

படி 4: சாய்தளம்

ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. அடித்தளத்தை இரண்டரை அடி உயர்த்தினால் 30 அடி சாய்தளம் வேண்டும்! எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதில்லை என்பதால் ஒன்றரை அடியோடு நிறுத்தினோம். 18 அடிச் சாய்தளம் பக்கவாட்டு நடையில் அமைந்தது.

படி 5: மனையில் சுண்ணாம்புக் கோடு

வரைபடத்தை முழு அளவில் மண்ணிலேயே போடுங்கள். கட்டில் இருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். கைத்தடியை ஊன்றி எழுந்து குளியலறைக் கோட்டை நோக்கி நடந்தார். பதினொரு அடி எடுத்து வைத்தவர், "ராத்திரியில் இவ்வளவு தூரமா?" என்று கேட்டார். அங்கேயே கோட்டைக் காலால் அழித்து, குளியலறையைக் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் மாற்றினோம். இப்போது ஐந்து அடி எடுத்து வைத்தால் போதும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், குளியலறை அழைப்பு மணியை எந்த உயரத்தில் வைத்தீர்கள் என்று கேட்டிருந்தார். நான்கு அடியில் வைத்திருந்தேன். விழுந்து கிடப்பவருக்கு அது எட்டாது என்று அவர் எழுதியது முற்றிலும் சரி. மறுநாளே எலக்ட்ரீஷியனை அழைத்து, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இன்னொரு மணி பொருத்திவிட்டேன்.