கடற்கரைக் கற்கோயிலில் காகிதக் கூழ்ப் பற்று: உப்பு எடுக்கும் முறை

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கற்களில் ஏறும் உப்பை எடுக்க இந்தியத் தொல்லியல் துறையினர் கையாளும் முறைகளுள் முதன்மையானது காகிதக் கூழ்ப் பற்று, அதாவது நீரில் பிசைந்த காகித நாரைக் கல்லின் மேல் அப்பி, உப்பை அதற்குள் இழுத்து எடுப்பது. பார்வைக்கு எளிய வேலையாகத் தோன்றினாலும், நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் கவனியாமல் செய்தால் உப்பு வெளியே வருவதற்குப் பதிலாகக் கல்லின் ஆழத்துக்கே போய்விடும்.

கடற்காற்றோடு வரும் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிறது. அதற்குக் கீழே இறங்கும்போது படிகமாகிறது. கடலோரத்தில் ஈரப்பதம் இந்த எல்லையை அடிக்கடி கடப்பதால், நுண்துளைகளிலும் விரிசல்களிலும் படிகம் மீண்டும் மீண்டும் வளர்ந்து கல்லை மணி மணியாக உதிர்க்கிறது.

பற்றுப் போடுவதற்கு முன் பரப்பை விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளலாக ஒலிக்கும் இடத்திலும், செதில் கழன்று நிற்கும் இடத்திலும் பற்று வைக்கக் கூடாது. ஈரக் கூழின் எடையே செதிலைப் பெயர்த்துவிடும். பழைய சுதைப் பூச்சோ வண்ணத் தடமோ இருந்தால் அப்பகுதியை ஒதுக்கிவிட வேண்டும். வெளியே பூத்திருக்கும் உப்பை மென்மையான உலர்ந்த தூரிகையால் மட்டுமே எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து உள்ளேதான் போகும். (பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் துறையின் அனுமதியின்றி எவரும் இதில் இறங்கலாகாது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.)

கூழுக்குத் தூய செல்லுலோஸ் நார்த்தூளே சிறந்தது. 'ஆர்போசெல்' போன்ற தயாரிப்புகளில் நீள நார், குறுநார் என இருவகையும் கிடைக்கின்றன. நீள நார் கூழுக்குக் கட்டுமானம் தரும், குறுநார் கல்லின் சிறு மேடுபள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இரண்டையும் கலப்பது நல்லது. அது கிடைக்காதபோது அச்சிடாத வடிதாளை ஊறவைத்து அரைக்கலாம். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். அதன் மையும் நிரப்புப் பொருள்களும் கல்லில் இறங்கும். அயனி நீக்கிய நீரில் (கரைந்த உப்புகளை அகற்றிய நீர்) நாரைப் பிசைந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால், நீர் சொட்டாமல் விரலிடையில் மினுமினுத்து நிற்க வேண்டும். பயன்படுத்தாத இக்கூழில் சிறிதளவை எடுத்து உலர்த்தி வைத்துக்கொள்க. பின்னால் ஒப்பிட அது தேவைப்படும்.

கல்லை அதே நீரால் மெல்லத் தெளித்து நனைத்து, மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டி, அதன் மேல் கூழை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் கீழிருந்து மேலாக அப்ப வேண்டும். இடையில் காற்றுப்பை தங்காதபடி உள்ளங்கையால் அழுத்துவது முக்கியம், ஏனெனில் தொடர்பு விட்ட இடத்தில் உப்பு கூழுக்கு வராமல் கல்லின் முகப்பிலேயே படிகமாகும். முதல் நாள் பாலித்தீன் தாளால் மூடி வைத்தால், கரைந்த உப்பு செறிவு மிகுந்த கல்லிலிருந்து செறிவு குறைந்த கூழுக்குத் தானாகப் பரவும். பிறகு மூடியை எடுத்துக் காயவிட்டால், ஆவியாகும் நீரோடு உப்பும் வெளிநோக்கி இழுபடும்.

காயும்போது உப்பு வெளியே இழுபடும் இந்த இரண்டாவது வேலை எல்லாக் கல்லிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பற்றின் துளைகள் கல்லின் துளைகளைவிட நுண்ணியவையாக இருந்தால்தான் நீர் கல்லிலிருந்து பற்றுக்கு இழுபடும். நாரின் இடைவெளிகளோ பெரியவை. கருங்கல் வகையில் துளைகள் மிகக் குறைவு என்பதால் அங்கே பரவலையே பெரிதும் நம்பிக் கூழை நெடுநேரம் ஈரமாக வைப்பது தகும். கடற்கரைக் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் இராசசிம்மனே எழுப்பிய காஞ்சி கைலாசநாதர் கோயிலின் மேற்பகுதி மணற்கல். அதுபோன்ற கல்லுக்கு நாரோடு கயோலின் களிமண்ணையும் கழுவிய மணலையும் சேர்க்க வேண்டும். களிமண் நுண்துளை தரும், மணல் சுருக்கத்தைக் குறைக்கும். களிமண் கல்லில் வெள்ளையாகத் தங்கிவிடக்கூடும் என்பதால் இங்கே இடையில் ஒட்டும் ஜப்பானியத் தாளைத் தவிர்க்கவே முடியாது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பற்று காயாது. சித்திரை வெயிலிலோ உப்பு கரைவதற்கு முன்பே காய்ந்து சுருங்கிக் கழன்றுவிடும். தை, மாசி மாதங்களே ஏற்றவை. அப்போதும் நேர்வெயிலுக்கு நிழல்துணி கட்டுவது நல்லது.

காய்ந்த பற்றை மரக்கரண்டியால் எடுத்து, எஞ்சிய நாரை உலர்தூரிகையால் தட்டிவிடுக. எடுத்த கூழில் குறித்த எடையைக் குறித்த அளவு அயனி நீக்கிய நீரில் கலக்கி வடிகட்டி, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்து, முன்பு ஒதுக்கிவைத்த கூழின் அளவை அதிலிருந்து கழிக்க வேண்டும். நைட்ரிக் அமிலம் சிறிது சேர்த்த வடிநீரில் வெள்ளி நைட்ரேட் துளி விட்டால் தோன்றும் வெண்படிவு குளோரைடைக் காட்டும். இரண்டாம் பற்றில் அளவு கூடினால் கலங்க வேண்டியதில்லை. முதல் ஈரத்தில் கரைந்த ஆழத்து உப்பு அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கலாம். அடுத்தடுத்த பற்றுகளில் அளவு இறங்கி ஒரே நிலையில் நின்றால் நிறுத்திவிடுவதே அறிவு, ஏனெனில் அதற்கு மேல் கல்லுக்குக் கிடைப்பது வீண் ஈரம் மட்டுமே.

கடல் அருகிலேயே இருக்கும்வரை உப்பு திரும்பவும் ஏறும். ஆகவே சுவரைக் கட்டங்களாகப் பிரித்து வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள், கனம், வைத்திருந்த நேரம், அளவு ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை எந்தக் கட்டத்தில் பற்று தேவை, எதைத் தொடாமல் விடலாம் என்பதை அந்தக் குறிப்பைக் கொண்டே முடிவு செய்யலாம்.