மலைநாட்டு வரைபடத்துக்கு நிலப்பூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலைநாட்டின் தலவாக்கலையையோ ஹப்புத்தளையையோ மாதிரியாகக் கொண்டு, கணினி விளையாட்டுகளை உருவாக்க உதவும் யுனிட்டி மென்பொருளில் விளையாட்டு வரைபடம் அமைப்பவர், சமதரைக்கென எழுதப்பட்ட வழிமுறைகளை அப்படியே பின்பற்றினால் நிலத்துக்கு டெக்ஸ்சர் (மேற்பரப்பில் பதிக்கும் படம்) பூசும் கட்டத்தில் தடுமாற நேரிடும். சமதரையில் தூரத்து நிலம் மெல்லிய கீற்றாகச் சுருங்கிவிடுவதால் பூச்சின் குறைகள் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. மலைநாட்டிலோ பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள சரிவு, சுவரில் மாட்டிய படத்தைப் போல ஆட்டக்காரருக்கு நேர் எதிரே நிற்கிறது.

முதல் தவறு செங்குத்தான இடங்களில் நேர்கிறது. யுனிட்டியில் நிலப்பரப்பைத் திரையில் வரையும் நிரலான இயல்பான டெரெய்ன் ஷேடர், டெக்ஸ்சரை மேலிருந்து நேர் கீழாகப் பதிப்பதால், சரிவு கூடக்கூடப் படம் இழுபடுகிறது. 45 பாகைச் சரிவில் ஏறத்தாழ 1.4 மடங்காகவும், 60 பாகையில் இரு மடங்காகவும், 75 பாகையில் ஏறக்குறைய நான்கு மடங்காகவும் அது நீளும். ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவு போன்றதொரு பாறை விளிம்பை அமைத்துவிட்டு, பாறை கோடுகோடாக வழிகிறதே என்று லேயரின் (புல், பாறை போன்ற ஒரு தரை வகையின்) டைல் அளவை, அதாவது படம் ஒருமுறை மூடும் பரப்பின் அளவை, குறைப்பவர்கள் உண்டு. அது தீர்வாகாது. லேயர் என்பது தனிக் கோப்பு என்பதால், அதைப் பயன்படுத்தும் எல்லா டெரெய்ன் துண்டுகளிலும் அளவு மாறி, நன்றாக இருந்த சமதரையும் கெட்டுவிடும். மூன்று திசைகளிலிருந்தும் படத்தைப் பதிக்கும் டிரைபிளேனர் ஷேடரைப் பயன்படுத்துவதோ, அவ்விடத்தில் பாறை மாடல்களை நிறுத்துவதோதான் சரியான வழி.

எதிர்ச்சரிவு மங்கலாகத் தெரியும்போது, பூச்சுத்தான் பிழையென்று எண்ணித் திரும்பத் திரும்பப் பூசுவது வீண் உழைப்பு. டெரெய்ன் அமைப்புகளில் உள்ள 'பேஸ் மேப் டிஸ்டன்ஸ்' என்ற தூரத்துக்கு அப்பால், யுனிட்டி லேயர்களைத் தனித்தனியாகக் காட்டாமல் அவற்றைக் கலந்த, தெளிவு குறைந்த ஒரே படத்தைக் காட்டுகிறது. பள்ளத்தாக்கின் அகலத்தை அளந்து, அந்தத் தூரத்தை அதற்கு மேலாக உயர்த்திய பிறகே பூச்சைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

தேயிலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நிரை நிரையாகச் செடிகள் தெரியும் ஒரு டெக்ஸ்சரை மலை முழுவதும் பூசுவது கவர்ச்சியான குறுக்குவழிதான். ஆனால் வி.பி. தேயிலை (விதையிலிருந்து அல்லாமல் வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த செடிகள்) நட்ட மலைகளில் நிரைகள் சரிவின் சமவுயரக் கோடுகளை ஒட்டி வளைந்து செல்ல, டெக்ஸ்சரில் உள்ள நிரைகளோ எங்கும் ஒரே திசையில்தான் ஓடும். மலை திரும்பும் இடத்தில் அவை மேலிருந்து கீழாக இறங்குவதாகத் தோன்றும். தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் அது உடனே உறுத்தும். ஆகவே செடிகளைத் தனி மாடல்களாக வைப்பதே நன்று. அங்கும் ஒரு பொறி உண்டு. புல்லைப் போல 'டீட்டெய்ல்' வகையில் வைத்த செடிகள், இயல்பான அமைப்பில் 80 மீற்றருக்கு அப்பால் வரையப்படுவதில்லை. அடியில் வெறும் செம்மண்ணைப் பூசியிருந்தால் எதிர்மலை மொட்டையாகத் தெரியும். அதனால் செடிகளுக்கு அடியில் நிரைகளற்ற, தேயிலையின் கரும்பச்சையைப் பூசி, கான்களின் (வடிகால்களின்) ஓரங்களில் மட்டும் மண்ணை வெளிக்காட்டுவது நல்லது. கவ்வாத்து வெட்டிய (செடிகளின் கிளைகளைக் கத்தரித்த) மலைக்குப் பழுப்பு கலந்த தனி லேயர் தேவை. எல்லா மலைகளும் ஒரே பச்சையாக இருக்கும் தோட்டம் எங்குமில்லை.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைகளை பிரஷால் வரைந்ததும், அவை அகன்றும் கலங்கியும் போவதற்கு, எந்த இடத்தில் எந்த லேயர் எவ்வளவு என்பதைப் பதிந்து வைக்கும் கன்ட்ரோல் டெக்ஸ்சரின் நுணுக்கம் போதாமையே காரணம். 1,000 மீற்றர் அகல நிலத்துக்கு 512 பிக்சல் என்றால், ஒரு பிக்சல் ஏறத்தாழ இரண்டு மீற்றரை மூடுகிறது. ஒரு மீற்றர் பாதை அதில் எப்படி அடங்கும்? 2,048 ஆக உயர்த்தினால் அரை மீற்றர் வரை நுணுக்கம் கிடைக்கும். அதையும் விடக் குறுகிய படிகளை மாடலாகவோ டெக்காலாகவோ (தரைமேல் தனியாக ஒட்டும் படமாகவோ) வைக்கலாம்.

லேயர்களின் எண்ணிக்கையிலும் கவனம் தேவை. ஒரு கன்ட்ரோல் டெக்ஸ்சரில் நான்கு லேயர்களின் அளவுகளே அடங்கும் என்பதால், ஐந்தாவதைச் சேர்த்ததும் இன்னொரு டெக்ஸ்சர் உருவாகி, வரையும் வேலையும் கூடுகிறது. முதலில் சேர்க்கும் லேயர் நிலம் முழுவதையும் தானே நிரப்பிவிடும். அதைப் பிழையென்று எண்ணாமல், மிகப் பரந்து கிடக்கும் தரையையே முதலில் சேர்த்தால், பூச வேண்டிய பரப்பு பெருமளவு குறைந்துவிடும்.