பயிற்சி சம்பளத்தை உயர்த்துமா? கணக்கிட்டுப் பார்க்கும் முறை

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளை நம்பித் தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்கள் பலர் குறுகியகாலத் தொழிற்பயிற்சியில் சேர்கிறார்கள். சேருமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பயிற்சி நிலையம் காட்டும் 'வேலை பெற்றோர்' பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். சேர்ந்தவர்கள், இடையில் நின்றவர்கள், ஓராண்டு கழித்தும் வேலையில் நீடிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். துடிப்பானவர்கள் பயிற்சி இல்லாமலும் முன்னேறியிருக்கக்கூடும் என்பதால், அதே வயதும் படிப்பும் இருந்தும் பயிற்சி பெறாதவரின் இன்றைய சம்பளத்தோடு ஒப்பிடுவதே நேர்மையான அளவுகோல். கொலம்பியாவில் 2005-இல் குலுக்கல் முறையில் ஆளெடுத்த ஒரு பயிற்சியை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். வகுப்பறைப் பாடத்தோடு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சியும் தந்த அந்தத் திட்டத்தில் பெண்களின் வருமானம் ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்ந்தது, ஆண்களுக்கு அவ்வளவு தெளிவான பலன் இல்லை. துருக்கியில் நடந்த பெரிய ஆய்விலோ பலன் மிகச் சிறிது. பலன் பயிற்சிக்குப் பயிற்சி மாறுவதால், நிறுவனத்துக்குள் எத்தனை வாரம் பயிற்சி என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

அடுத்து இழப்பைக் கழியுங்கள். பாலக்கோட்டில் தக்காளிக் கூடை ஏற்றி நாளுக்கு 500 ரூபாய் வாங்குபவர், மாதம் 25 நாள் வீதம் 3 மாதப் பயிற்சியில் 37,500 ரூபாயை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு மாதம் 4,000 கூடுதலாக வந்து, ஓசூர் அறை வாடகைக்கு 2,500 போனால், இழப்பை ஈடுகட்டவே 25 மாதம் பிடிக்கும். உதவித்தொகை உண்டென்றால் காலம் குறையும்.

கடைசியாக, ஷிப்ட் முடியும் நேரத்தில் தொழிற்சாலை வாயிலில் நின்று, கழுத்தில் அடையாள அட்டையுடன் வெளியே வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம், பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள்.