வால்வு ஆபரேஷன் முடிந்து அசிட்ரோம் சாப்பிடுபவருக்கு வீட்டில் என்ன சமைப்பது?

இதய வால்வு மாற்றிக்கொண்டு வீடு திரும்புகிறவர் கையில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஓர் உணவுத் தாளும் இருக்கும். எங்கள் அம்மாவுக்குக் கொடுத்த தாளில் "கீரை, முட்டைக்கோஸ் கூடாது" என்று ஒரு வரி, அதன் கீழே "உப்பு குறைக்கவும்" என்று இன்னொரு வரி, அவ்வளவுதான். அந்த முதல் வரியை அட்சரம் பிசகாமல் கேட்டு நடந்ததில்தான் எங்கள் வீட்டில் எல்லாத் தொல்லையும் ஆரம்பித்தது. அது ஓய்ந்து, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட் எண்) ஓரளவு ஒரே இடத்தில் நிற்க ஆரம்பித்த பிறகு இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, அம்மாவுக்குச் சமைத்துப் போடுகிறவன். மாத்திரை அளவை மாற்றுவது மட்டும் உங்கள் டாக்டர் வேலை, அதில் நானும் தலையிட மாட்டேன், நீங்களும் தலையிடாதீர்கள்.

இது யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ரத்தம் இளக மாத்திரை" என்று பொதுவாகச் சொல்வதில் பெரிய குழப்பம் இருக்கிறது. இயந்திர வால்வு வைத்து அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் (இரண்டும் ரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள்) சாப்பிடுகிறவர்களுக்கு இது. திசு வால்வு (விலங்குத் திசுவில் செய்தது) வைத்தவர்களுக்கும் முதல் சில மாதம் இதே மாத்திரை கொடுப்பது உண்டு, அவர்களுக்கும் பொருந்தும். ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கீரைக் கணக்கு கிடையாது. பக்கத்து வீட்டு மாமா ஸ்டென்ட் வைத்துவிட்டு முருங்கைக்கீரையை விட்டுவிட்டார், பாவம், அவர் தாராளமாகச் சாப்பிடலாம்.

படி 1: உங்கள் இலக்கு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

மாத்திரை சாப்பிடாதவருக்கு ஐஎன்ஆர் 1-ஐ ஒட்டி இருக்கும். இதயத்தில் வால்வுகள் பல உண்டு, அதில் அயோர்ட்டிக் என்கிற வால்வின் இடத்தில் இயந்திர வால்வு என்றால் பொதுவாக 2 முதல் 3 வரை, மைட்ரல் என்றால் 2.5 முதல் 3.5 வரை வைக்கச் சொல்வார்கள். உங்களுக்கு எது என்று டாக்டரிடம் கேளுங்கள். லேப் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று அச்சடித்திருப்பது மாத்திரை சாப்பிடாதவர்களுக்கானது, அதைப் பார்த்து "ரொம்ப ஏறியிருக்கே" என்று பதற வேண்டாம். எண் இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டும், ஏறினால் ரத்தக் கசிவு. முடிந்தவரை ஒரே லேபிலேயே பாருங்கள்.

படி 2: காலண்டர்

இதற்குச் செயலிகள் இருக்கின்றன. ஒன்றிரண்டைப் போட்டுப் பார்த்தேன், எதுவும் அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் இருக்கிறதே, பெரிய கட்டம் போட்டது, அதுதான் சரி. அதைச் சமையலறையிலேயே மாட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய மாத்திரை அளவு, போட்டதும் ஒரு டிக், கீரை செய்த நாளென்றால் "கீ", டெஸ்ட் எடுத்த நாளென்றால் எண். டாக்டர்கள் "ஒரு நாள் 2, மறுநாள் 3" என்று மாற்றி மாற்றி எழுதுவார்கள், அதை மனதில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. அதனால் மாதம் பிறந்ததும் உட்கார்ந்து மொத்தக் கட்டத்திலும் 2, 3, 2, 3 என்று பென்சிலில் எழுதிவிடுவேன். பென்சில் முக்கியம், நடுவில் அளவு மாறும்.

மாத்திரையைச் சாயங்காலம் போடுவது வசதி. காலையில் ரத்தம் கொடுத்தால் மதியத்துக்கு மேல் ரிப்போர்ட் வரும், டாக்டர் மாற்றச் சொன்னால் அன்றிரவே மாற்றிவிடலாம். ஒரு வேளை மறந்துபோனால் மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

படி 3: கீரை

இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ரத்தம் உறைவதற்கான சில பொருட்களைக் கல்லீரல் செய்கிறது, அதற்கு வைட்டமின் கே வேண்டும். மாத்திரை அந்த வைட்டமினை மறுபடி மறுபடி பயன்படுத்த முடியாமல் தடுக்கிறது. பச்சை இலைகளில் வைட்டமின் கே அதிகம். ஆகவே தராசின் ஒரு தட்டில் மாத்திரை, இன்னொரு தட்டில் கீரை. இதைப் புரிந்துகொண்டதும் யாருக்கும் தோன்றுவது, கீரையே வேண்டாமே என்பதுதான். அந்தத் தாளும் அதைத்தான் சொன்னது.

கீரையை அடியோடு நிறுத்தினோம். உடம்பில் வைட்டமின் கே இருப்பு குறைந்தது, அதற்கேற்பக் குறைந்த அளவு மாத்திரையே போதும் என்று ஆனது. அப்புறம் ஒரு விசேஷத்துக்குப் போன இடத்தில் அம்மா முருங்கைக்கீரை அடை இரண்டு சாப்பிட்டார், மறுநாள் அந்த வீட்டிலேயே கொத்தமல்லித் துவையல். அடுத்த டெஸ்ட்டில் எண் 2-க்குக் கீழே. மாத்திரையைக் கூட்டினார்கள். வீட்டுக்கு வந்து மறுபடி கீரையே இல்லாத சாப்பாடு, இந்த முறை எண் 4-ஐத் தாண்டி, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். மறுபடி குறைத்தார்கள். இப்படியே ஊஞ்சல். இருப்பு காலியாக இருக்கிற உடம்பில் கொஞ்சம் கீரை போனாலும் எண் பெரிதாக ஆடும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கடைசியில் ரத்தம் எடுக்கிற நர்ஸ்தான், "கீரையை நிறுத்தாதீங்க, வாராவாரம் ஒரே அளவு கொடுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி டாக்டர் மாத்திரையை வச்சுப்பாரு" என்றார். அம்மாவுக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது. "கீரை இல்லாத சோறு ஒரு சோறாடா?" என்று ஆபரேஷன் முடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

செய்ய வேண்டியது இதுதான். வாரத்தில் இரண்டு நாளை முடிவு செய்யுங்கள், எங்களுக்குப் புதனும் ஞாயிறும். அந்த இரண்டு நாளும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், பாயசம் குடிக்கிற அளவுக் கிண்ணம், கீரை. சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை எதுவானாலும் சரி.

கட்டுக் கணக்கில் அளக்காதீர்கள். நல்ல நாளில் ஒரு கட்டு கை கொள்ளாது, ஐப்பசி மழையில் அதே விலைக்கு விரல் தடிமனுக்குத்தான் கிடைக்கும், அதிலும் பாதி தண்டு. பச்சையாக ஒரு முறம் நிறைய இருப்பது வெந்ததும் ஒரு கைப்பிடியாகச் சுருங்கும். அதனால் எப்போதும் மசித்த பிறகு, கிண்ணத்தில்தான் அளவு. முருங்கைக்கீரைப் பொரியல் தண்ணீர் வற்றி இறுகிவிடும், அதே கிண்ணத்தில் இலை நிறைய அடங்கிவிடும், அதனால் அதை மட்டும் அரைக் கிண்ணத்தோடு நிறுத்துகிறேன். கடையில் டப்பாவில் விற்கும் முருங்கை இலைப் பொடி வேண்டவே வேண்டாம், காய்ந்த இலை ஒரு ஸ்பூனில் எவ்வளவு அடங்கும் என்று கணக்குப் பார்க்கவே முடியாது.

ஏற்கெனவே கீரையை நிறுத்திவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே ஆரம்பிக்காதீர்கள். டாக்டரிடம் "வாரம் இரண்டு நாள் கீரை சேர்க்கப் போகிறோம்" என்று சொல்லி, எப்போது டெஸ்ட் எடுப்பது என்று கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும்.

துவையல் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 100 கிராம் பச்சைப் பசலையில் வைட்டமின் கே சுமார் 480 மைக்ரோகிராம், கொத்தமல்லியில் சுமார் 310, எல்லோரும் பயப்படுகிற முட்டைக்கோஸில் 76 தான். ரசத்தில் கிள்ளிப்போடுகிற கொத்தமல்லியும் தாளிக்கிற கறிவேப்பிலையும் ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு கட்டு மல்லியை வதக்கி அரைத்துத் துவையலாக்கினால் அது கீரைதான். புதினாத் துவையல், கறிவேப்பிலைத் துவையலும் அப்படித்தான். அன்றைக்குக் காலண்டரில் "கீ" போட்டுவிட்டு, அந்த வாரக் கீரையில் ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

கத்தரிக்காய், பூசணி, முள்ளங்கி, உருளை, சேனை, வெங்காயம், தக்காளி, பருப்பு, அரிசி, தயிர், முட்டை, மீன், கோழி, இதிலெல்லாம் இந்தக் கவலையே வேண்டாம். உப்புக்காக ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தள்ளிவையுங்கள்.

படி 4: எண்ணெயும் டப்பாக்களும்

கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் வைட்டமின் கே இல்லையென்றே சொல்லலாம். நல்லெண்ணெயில் கொஞ்சம். சோயா எண்ணெயில் 100 கிராமுக்கு சுமார் 180 மைக்ரோகிராம். கலப்பு எண்ணெய் வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்புறம் படித்துப் பாருங்கள். எதை வாங்கினாலும் சரி, ஆஃபர் போட்டிருக்கிறான் என்று மாதம் ஒரு எண்ணெய் மாற்றாமல் ஒன்றிலேயே இருங்கள். எங்கள் வீட்டில் செக்குக் கடலை எண்ணெய்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு சத்துமாவு டப்பா வாங்கி வருவார்கள். அதில் பலவற்றில் வைட்டமின் கே சேர்த்திருக்கும், சத்து மாத்திரைகளிலும் அப்படியே. குடிப்பதென்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு தினமும் ஒரே அளவு குடிக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். வந்த டப்பா தீரும் வரை குடித்துவிட்டு நிறுத்துவது மோசம். கிரீன் டீ எப்போதாவது ஒரு கப் பரவாயில்லை, ஃபிளாஸ்க் கணக்கில் வேண்டாம். மது வேண்டாம்.

மாம்பழம் சாப்பிடலாம், ஆனால் அளவாக. நிறையச் சாப்பிட்டவர்களுக்கு ஐஎன்ஆர் ஏறியதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. சீசனில் கூடை வந்து இறங்குகிற வீடுகளில் இதைக் கவனியுங்கள்.

படி 5: சாப்பிடாத நாட்கள்

சாப்பாடு இறங்காத நாளில் எண் ஏறும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி என்று மூன்று நாள் கஞ்சியில் ஓடினால் டெஸ்ட்டுக்குத் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், டாக்டருக்குப் போன் போட்டு முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இதைவிட ஆபத்து, அந்த வயிற்றுப்போக்குக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்குகிற மாத்திரை. மெட்ரோனிடசோல் ஐஎன்ஆரை நன்றாகவே ஏற்றிவிடும். கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்குக் கொடுக்கிற ஃபுளூகோனசோல் இவையும் அப்படியே. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போட்டால் எண் சரியாக இருக்கும்போதே வயிற்றில் ரத்தம் கசியலாம். வலிக்குப் பாரசிட்டமால் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதையும் தொடர்ந்து பல நாள் போடுவதானால் சொல்லிவிட்டுத்தான். நிலவேம்புக் கஷாயம், பூண்டு கேப்சூல், மஞ்சள் கேப்சூல், மீன் எண்ணெய் எல்லாம் இதே வரிசை. குழம்பில் போடுகிற பூண்டும் மஞ்சளும் இதில் சேராது, சண்டைக்கு வராதீர்கள்.

விரதம் தனிக்கதை. அம்மா ஏகாதசி இருப்பவர். ஒரு நாள் முழுக்கப் பட்டினி, மறுநாள் துவாதசி பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். அதாவது முதல் நாள் ஒன்றுமே இல்லை, அடுத்த நாள் கீரை குவியல். இரண்டு பக்கமும் தள்ளுகிற ஏற்பாடு. முழுப் பட்டினியை விட்டுவிட்டுப் பலகாரம் சாப்பிடுவது, அகத்திக்கீரையை ஒரு ஸ்பூன் பிரசாதம் போல் வைப்பது என்று பேசி முடித்தோம். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

உடனே ஆஸ்பத்திரி

மலம் தார் போலக் கறுப்பு, சிறுநீரில் ரத்தம், நிற்காத மூக்கு ரத்தம், திடீரென்று கடுமையான தலைவலி, தலையில் அடி (வெளியே காயம் இல்லாவிட்டாலும்). இன்னொரு பக்கம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுதல், புதிதாக மூச்சுத் திணறல், வழக்கமாகக் கேட்கிற வால்வின் டிக் டிக் சத்தம் மங்குவது. இவற்றில் எதற்கும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

பிறகு சேர்த்தவை

"டெஸ்ட்டும் வேண்டாம், கீரைக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று புது மாத்திரை வந்திருக்கிறதாமே?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, ஆனால் இயந்திர வால்வுக்கு அல்ல. அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை இயந்திர வால்வு வைத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, ரத்தக் கட்டும் ரத்தக் கசிவும் அதிகமானதால் பாதியிலேயே நிறுத்தினார்கள், முடிவு 2013-இல் வெளிவந்தது. சொந்தக்காரர் சாப்பிடுகிறார் என்று மாற்றிக் கேட்காதீர்கள், அவருக்கு வேறு காரணமாக இருக்கும்.

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு இளம் வயதிலேயே மாற்றிக்கொண்ட பெண்கள் சிலர் எழுதியிருந்தார்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் கருத்தரிக்கும் முன்பே இதய டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் பாருங்கள். இந்த மாத்திரை முதல் மாதங்களில் கருவைப் பாதிக்கலாம், அதற்காக நீங்களாக நிறுத்துவது உங்கள் உயிருக்கே ஆபத்து.

"இது எலி மருந்தா?" வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது, மனிதர்களுக்குக் கொடுத்தது பிறகு. அசிட்ரோம் அதே குடும்பம். டெஸ்ட் பார்த்து அளவாகக் கொடுப்பதால் மருந்து. இதை வயதானவர்கள் காதில் போடாதீர்கள், எங்கள் வீட்டில் என் மகன் போட்டுவிட்டான், அன்றிரவு மாத்திரை கொடுக்க நான் பட்ட பாடு!

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்து பயந்துபோன ஒருவர் எழுதியிருந்தார். சிலருக்கு அப்படி ஆகும், பீட்ரூட்டால் ஐஎன்ஆர் மாறாது. ஆனாலும் இந்த மாத்திரையில் இருப்பவர் சிவப்பைப் பார்த்தால் பீட்ரூட்தான் என்று தானாக முடிவு செய்யாமல் ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தால், எப்படி இருந்தால் பயப்பட வேண்டும் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.