நோர்வேஜியக் கூட்டுச்சொல்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

"எங்களுக்குப் போலந்திலிருந்து வந்த ஒரு நொஷ்க் ஆசிரியர் இருக்கிறார்" என்று வேலையிடத்தில் நொஷ்க்கில், அதாவது நோர்வேஜிய மொழியில், சொன்னேன். கேட்டவர் முகத்தில் குழப்பம். "அவர் நோர்வேக்காரரா, போலந்துக்காரரா?" என்றார். சொற்கள் எல்லாம் சரி, அழுத்தம்தான் பிழை. நொஷ்க்லேரர் என்று முதற்பகுதியில் மட்டும் முழு அழுத்தம் வைத்தால், நொஷ்க் மொழி கற்பிப்பவர். நொஷ்க் லேரர் என்று இரண்டையும் அழுத்தினால், நோர்வே நாட்டு ஆசிரியர்.

தமிழில் 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தம், 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்தது. அங்கே ஒரு 'ப்' செய்கிற வேலையை இங்கே அழுத்தம் செய்கிறது.

படி 1: கடைசியிலிருந்து பிரியுங்கள்

பார்னெஹாகெலேரர் என்ற நீண்ட சொல்லைப் பார்த்து மலைக்க வேண்டாம். கடைசியில் லேரர், அதாவது ஆசிரியர். மிச்சம் பார்னெஹாகெ, மழலையர் பள்ளி. அதற்குள் பார்ன் (குழந்தை), ஹாகெ (தோட்டம்). நம் 'மரக்கதவு' கதவுதானே, மரம் இல்லையே? அதே கணக்கு. சொல்லின் பாலும் கடைசிப் பகுதியைப் பொறுத்ததே. ('எத்', 'என்' என்பவை பெயர்ச்சொல்லின் முன் நின்று அதன் பாலைக் காட்டும் சிறுசொற்கள்.) பார்ன் 'எத்' வகை, ஹாகெ 'என்' வகை; ஆகவே 'என் பார்னெஹாகெ'.

படி 2: நடுவில் நிற்கும் எழுத்து

பார்னுக்கும் ஹாகெக்கும் நடுவில் வந்த 'எ' நம் சாரியை போன்றது. புளி, காய் சேர்ந்து புளியங்காய் ஆகும்போது வரும் 'அம்' போல. 'ஸ்' என்ற இன்னொன்றும் உண்டு. வைன் கிண்ணம் வீன்க்ளாஸ், நடுவில் ஒன்றுமில்லை. சிவப்பு வைன் கிண்ணமோ ரோவீன்ஸ்க்ளாஸ். முதற்பகுதியே கூட்டுச்சொல்லாக இருந்தால் 'ஸ்' நுழைவது வழக்கம். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை, அதனால் இதை விதியாக மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்லோடு சேர்த்தே பழகுங்கள்.

படி 3: அழுத்தம்

நான் நெடுநாள் தடுக்கிய இடம் இதுதான். 'முதல் அசையை அழுத்து' என்று எங்கோ படித்து, உருளைக்கிழங்கு மசியலை புதேத்மூஸ் என்று 'பு'வை அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். விதி அதுவல்ல. முதற்பகுதி தனியாக நிற்கும்போது எந்த அசையில் அழுத்தம் இருக்கிறதோ, கூட்டிலும் அதே அசையில்தான். உருளைக்கிழங்கு புதேத், அழுத்தம் 'தே'யில்; ஆகவே புதேத்மூஸிலும் 'தே'யில்தான். வாழைப்பழம் பனான், அழுத்தம் 'னா'வில்; ஆகவே வாழைப்பழக் கேக்கான பனான்காக்கெயிலும் 'னா'வில்தான்.

அடுத்தது இன்னும் முக்கியம். இரண்டாம் பகுதியின் அழுத்தம் தணியும், சாகாது. அதன் நெடில் நெடிலாகவே இருக்க வேண்டும். பார்னெஹாகெ என்பதில் 'ஹா'வைக் குறுக்கிவிட்டால் கேட்பவருக்குச் சொல் பிடிபடாது. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நாம் எல்லா அசையையும் ஒரே பலத்தில் சொல்லிவிடுகிறோம். மேசையில் விரலால் தட்டிப் பழகுங்கள்: முதலில் பலமாக ஒன்று, பிறகு மெதுவாக ஒன்று. கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். செயலிகளைவிட இது எனக்கு உதவியது. ஒரு சொல் 'என்' வகையா, 'எத்' வகையா என்று பார்க்க, பெர்கன் பல்கலைக்கழகமும் மொழி மன்றமும் இலவசமாகத் தரும் இணைய அகராதியே போதும்.

படி 4: சேர்த்து எழுதுங்கள்

ஒரே பேரழுத்தம் என்றால் ஒரே சொல், இடைவெளி கிடையாது. ரொய்க்ஃப்ரித் என்று சேர்த்து எழுதினால் 'புகைத்தலற்ற இடம்'. பிரித்து எழுதினால் 'தாராளமாகப் புகைபிடி' என்றாகிவிடும்!

பின்சேர்க்கை: ஓஸ்லோவில் இருக்கும் ஒரு வாசகர், தம் அயலவர் புதேத்தில் 'பு'வையே அழுத்திச் சொல்வதாக எழுதியிருந்தார். உண்மைதான், கிழக்கு நோர்வேயின் பேச்சுவழக்கில் அப்படியும் உண்டு. காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம். பழகும்போது மட்டும் மேலே சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், இரவு ரயிலைக் குறிக்கும் நாத்தோக் என்ற சொல்லைப் பிரிக்க முடியவில்லை என்றார். நோர்வேஜிய எழுத்தில் நாத் (natt, இரவு) இரண்டு 'த்'தில் முடிகிறது, தோக் (tog, ரயில்) ஒரு 'த்'தில் தொடங்குகிறது. ஒரே மெய் மூன்று அடுத்தடுத்து வந்தால் ஒன்றை எழுத்தில் விட்டுவிடுவார்கள். சரி, அப்படியானால் பிரிக்கும்போது அந்த ஒன்றைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், இரண்டு சொல்லும் தெரியும்.